பிரித்த மாத்திரை

எல்லாரும் தூங்கிவிட்டார்கள். எழுத உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் இன்றைய மதியத்தைவிட்டு நான் இன்னும் எழுந்து வரவில்லை. மே மாதத்து மதியம், திருச்சி, தில்லைநகரில் மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிற ஃப்ளாட். சூடு சீலிங் வழியாக இறங்குகிறது, ஃபேன் அதையே வாரி எங்கள் மேல் போடுகிறது. ஹாலில் பாயில் படுத்திருக்கிறேன். தாரு என் இடது கைமேல் தலை வைத்துத் தூங்குகிறாள். மூன்று வயசுத் தலைக்கு இவ்வளவு கனம் எங்கிருந்து வருகிறதோ. வாயோரம் எச்சில் ஒழுகி என் முழங்கை மடிப்பு ஈரமாக இருக்கிறது. ஈரம் தெரிகிறது. தெரிகிறதா, இல்லை ஈரமாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரிவதால் தெரிகிற மாதிரி இருக்கிறதா? விரல்கள் மரத்துக் கிடக்கின்றன. குழந்தை படுத்தால் எந்த அம்மாவுக்கும் கை மரக்கும், எழுந்து உதறினால் சரியாகிவிடும், அதை அவள் யாரிடமும் சொல்லக்கூட மாட்டாள். எனக்குத்தான் இது தாரு தந்த மரப்பா, இல்லை அது திரும்ப வருகிறதா என்ற கேள்வி. கையை உருவினால் தெரிந்துவிடும். உருவினால் தாரு எழுந்துவிடுவாள். எழுந்தால் நேரே சமையலறைக்குப் போவாள், மேடையில் என்ன மூடி வைத்திருந்தாலும் அவளுக்குத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம் இருக்கிறது. அதில் வெதுவெதுப்பான பால். பாலுக்குள் நான் இன்று விழுங்கியிருக்க வேண்டிய மாத்திரை. காலையில் விழுங்கின மாதிரி தண்ணீரைக் குடித்துவிட்டு, மாத்திரையை உள்ளங்கையிலேயே வைத்திருந்து, மதியச் சாப்பாடு முடிந்து அத்தை படுக்கப் போனதும் அதன் இரண்டு மூடியையும் இழுத்துப் பிரித்து, உள்ளே இருந்த வெள்ளைப் பொடியைப் பாலில் கொட்டி, கலக்கி, தட்டுப் போட்டுவிட்டு வந்து படுத்துவிட்டேன். பால் உறைந்தால் மாத்திரைக்குள் உயிர் இருக்கிறது. உறையாவிட்டால் வெறும் மாவு. இத்தனை மாதமாக நான் மாவைத் தின்றுகொண்டிருக்கிறேன். அவ்வளவுதான். இந்த வெயிலுக்கு மூன்று நான்கு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

தெரிந்து என்ன செய்யப் போகிறாய் சுகிர்தா, என்று எனக்குள் ஒரு குரல் கான்வென்ட் ஆங்கிலத்தில் கேட்கிறது, நான் தமிழில் பதில் சொல்லத் தடுமாறுகிறேன். எனக்குத் தெரிய வேண்டும். என் உடம்பில் நடப்பது எதுவுமே எனக்குத் தெரியாமல்தான் நடக்கிறது, இது ஒன்றாவது தெரியட்டும். முதலில் கண்ணில்தான் ஆரம்பித்தது. தாருவுக்கு ஒரு வயசு முடியாத நேரம், அவளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே குனிந்து பார்க்கிறேன், அவள் போட்டிருந்த சிவப்புக் கவுன் பழைய செங்கல் நிறமாகத் தெரிகிறது. வலது கண்ணை மூடினால் செங்கல், இடது கண்ணை மூடினால் சிவப்பு. விளையாட்டு மாதிரி மாற்றி மாற்றி மூடிப் பார்த்தேன், தாருகூடச் சிரித்தாள், அவளோடு கண்ணாமூச்சி ஆடுகிறேன் என்று நினைத்திருப்பாள். பிறகு இடது கை. பிறகு பெரிய ஆஸ்பத்திரி, குழாய் மாதிரி ஒரு மெஷினுக்குள் அரைமணி நேரம் டமடமவென்று இடி. பிறகு டாக்டர் ஹமீது. நல்ல மனுஷர். பேசத் தொடங்குமுன் மேஜையில் செருகியிருந்த தன் போன் சார்ஜரைக் கழற்றி எடுத்துக் காட்டினார், அது பழசு, கழுத்துப் பக்கம் மேல்பிளாஸ்டிக் உரிந்து உள்கம்பி தெரிந்தது. "இதுதாம்மா. உள்ள கம்பி நல்லாத்தான் இருக்கு. மேல இருக்கிற பிளாஸ்டிக்கை எலி கடிச்ச மாதிரி ஆயிடுது. சில நேரம் சார்ஜ் ஏறும், சில நேரம் ஏறாது." எலி எங்கிருந்து வந்தது டாக்டர் என்று கேட்டேன். "எலி வெளியிலிருந்து வரலை. வீட்டுக் காவலுக்கு வச்சிருக்கிற நாய்தான் கடிக்குது. உங்க எதிர்ப்புச் சக்தி." என் கணவர் முரளி பக்கத்தில் உட்கார்ந்து அந்த சார்ஜரையே பார்த்துக்கொண்டிருந்தார். மல்ட்டிப்பிள் ஸ்க்ளீரோசிஸ் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆட்டோவில் திரும்பும்போது முரளி ஒரே ஒரு தடவைதான் பேசினார். "அவரு முதல்ல அந்தச் சார்ஜரை மாத்தணும். ஷாக் அடிக்கும்." நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை, அதற்குப் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

ஊசி ஆரம்பித்தார்கள். ஊசி நாய்க்குக் கட்டுகிற சங்கிலி. ஆனால் அந்த நாய்க்கு ஏன் புத்தி கெட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. போன வருஷக் கடைசியில் டாக்டர் ஹமீது மறுபடி உட்கார வைத்துப் பேசினார். குடலில்தான் அந்த நாய்கள் பழகுகின்றனவாம், எது வீட்டு ஆள் எது திருடன் என்று அங்கே இருக்கிற நல்ல கிருமிகள்தான் சொல்லிக் கொடுக்கின்றனவாம். இந்த நோய் உள்ளவர்கள் சிலருக்கு அந்தக் கூட்டம் மாறியிருக்கிறதாம். வெளியிலிருந்து நல்ல கிருமிகளைக் கொண்டுபோய் விட்டால் கடி குறையுமா என்று ஓர் ஆராய்ச்சி. ஊசி எப்போதும்போல, அதோடு தினம் ஒரு மாத்திரை. "எலிகள்ல நல்லா இருந்துச்சு. மனுஷங்கள்ல கொஞ்சம் பேர்ட்ட கொஞ்சம். அதுக்கு மேல நான் சொன்னா பொய் சொன்ன மாதிரி." பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கிற வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று ஒருவருக்கும் தெரியாது. கையெழுத்துப் போட்டேன். மாத்திரை டப்பாவைக் கொடுத்தது ஜெசிந்தா, ஆராய்ச்சிக்காக வைத்திருக்கிற நர்ஸ், என் வயசுதான் இருக்கும், வாய் ஓயாது. "ஃப்ரிட்ஜ்ல வைங்க, ஃப்ரீசர்ல வேண்டாம். வீட்டுத் தயிர் தாராளமா சாப்பிடுங்க. கடையில பாட்டில்ல விக்கிறது எதுவும் கூடாது. மாத்திரையைப் பிரிக்கக் கூடாது." பிரித்தால் என்ன ஆகும்? "என்ன ஆகும், ரெண்டும் வெள்ளைப் பொடிதான், பார்த்தா ஒண்ணும் தெரியாது. எனக்கே தெரியாது மேடம், டாக்டருக்கும் தெரியாது. பெங்களூர்ல ஒரு கம்ப்யூட்டர் இருக்கு, அதுக்குத்தான் தெரியும். அது யார்கிட்டயும் பேசாது, என்னை மாதிரி இல்ல." பார்த்தால் தெரியாது என்றுதானே சொன்னாள். பாலில் போட்டால் தெரியாது என்று சொல்லவில்லை. அந்த நிமிஷமே என் மனசில் இது விழுந்துவிட்டது போல, இத்தனை நாள் அடியில் கிடந்திருக்கிறது. முரளிக்கு இந்தக் குழப்பமே கிடையாது. "நல்லா இருக்கில்ல உனக்கு? அப்ப நிஜ மாத்திரைதான்." நல்லா இல்லாமல் போனால்? "அப்ப டூப்பு. டூப்பு சாப்பிட்டு நல்லா இல்லைன்னா அது மருந்தோட தப்பில்லையே." பாங்கில் கூட்டிக் கழித்துப் பழகின மூளை, எந்தப் பக்கம் கூட்டினாலும் கணக்கு சரியாக வந்துவிடுகிறது. அத்தைக்கு வேறு கணக்கு. மருமகளுக்கு வயிற்றுக் கிருமி மாத்திரை என்று கேட்டதும் இடுப்பில் கை வைத்தார். "பூச்சிக்கு மாத்திரை கேள்விப்பட்டிருக்கேன். பூச்சியையே மாத்திரையாக் குடுக்கறதை இப்பத்தான் கேக்கறேன். ஏம்மா, நம்ம வீட்டுத் தயிர்ல இல்லாத பூச்சியா? ஒரு குண்டான் தர்றேன், அந்த டாக்டருக்குக் கொண்டுபோய்க் குடு." எதிர்வீட்டு அம்மா கேட்டால் மட்டும் அத்தையின் குரல் மாறும். "சுகிக்கு வைட்டமின் பத்தலைங்க. இந்தக் காலத்துப் புள்ளைங்க எங்க சாப்பிடுதுங்க." நோயின் பெயர் இந்த வீட்டுக்குள் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

தாரு புரண்டாள். மூச்சை நிறுத்திக்கொண்டேன். எழவில்லை. இன்னும் உள்ளே தள்ளி முகத்தை என் விலாவில் வைத்துக்கொண்டாள். கை அப்படியே. ஆனால் நான் நன்றாகிக்கொண்டிருந்தேன், அதுதான் விஷயம், அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுமோ என்று. தினம் காலையில் சமையலறையில் ஆள் இல்லாதபோது ரவை டப்பாவையும் உப்பு ஜாடியையும் திறந்து வைத்து, கண்ணை மூடி, எது எது என்று மறக்கிற அளவுக்கு இடம் மாற்றி, இடது கை விரலை விட்டுப் பார்ப்பேன். மாதக்கணக்கில் இரண்டும் ஒன்றுதான். இரண்டும் கையுறைக்கு வெளியே இருக்கிற ஏதோ ஒன்று. ஒருநாள் ரவை ரவையாக இருந்தது. ஒவ்வொரு மணியும் தனித்தனியாக. உப்பு உப்பாக, கொஞ்சம் பிசுபிசுத்து, கொஞ்சம் குத்தி. டப்பாவுக்குள் கையை விட்டபடி நின்றேன், அத்தை வந்து "ரவையில வண்டா?" என்று கேட்டார், ஆமாம் என்று சொல்லிவிட்டேன், பாவம் அந்த ரவை முழுவதையும் அவர் வெயிலில் காயப்போட்டார். அன்றைக்கு தாருவுக்கு நானே இரட்டைச் சடை போட்டேன். ஸ்கூலுக்கு முன்னால் வழக்கமாக வேனுக்கு நேரமாகிவிட்டது என்று கத்துகிற நான், அன்றைக்கு அவிழ்த்து மறுபடி போட்டேன். அந்த மூன்று பிரி முடி, ஒன்றன்மேல் ஒன்று, விரலுக்குத் தெரிகிறது, தெரிகிறது. உள்ளே போன கிருமிகள் வேலை செய்கின்றன என்றுதான் நினைத்தேன். அவைகளிடம் பேசக்கூடச் செய்தேன். மாத்திரையை விழுங்கினதும் வயிற்றில் கை வைத்து, போங்க, போய் அந்த நாய்கிட்ட சொல்லுங்க, இவ வீட்டு ஆளுதான், கடிக்காதேன்னு சொல்லுங்க. பால் உறையாவிட்டால் நான் யாரோடு பேசினேன்? ரவை என் விரலுக்குத் தெரிந்ததே, அது யார் கொடுத்தது? டாக்டர் சொல்லியிருக்கிறார், இந்த நோய் தானாகவே விலகும், தானாகவே வரும், அலை மாதிரி. அப்படியென்றால் இது அலை பின்வாங்கின நேரம், நான் ஈர மணலில் நின்றுகொண்டு கடல் போய்விட்டது என்று குதித்திருக்கிறேன். இல்லை, நம்பிக்கையே மருந்தாக வேலை செய்திருக்கலாம், அதுவும் உண்டாம், வெறும் மாவைக் கொடுத்தாலும் சிலருக்குக் குறையுமாம். அப்படியானால் மாவு என்று தெரிந்த நிமிஷம் அதுவும் நின்றுவிடும். அப்புறம் ஏன் பிரித்தேன்? ஏன் பிரித்தாய் சுகிர்தா? சும்மா விழுங்கியிருக்கலாம். நேற்றுவரை விழுங்கினாய்.

நேற்று ராத்திரி இடது கட்டைவிரல் நுனியில் ஒரு சின்ன எரிச்சல், எறும்பு கடித்த மாதிரி. அதனால்தான். வெயிலுக்கு இந்த நோய் இப்படித்தான் முறுக்கிக்கொள்ளும், உடம்பு சூடானால் பழைய குறியெல்லாம் கொஞ்ச நேரம் தலைகாட்டும், குளிர்ந்தால் போய்விடும், பயப்படாதீங்க என்று டாக்டர் சொன்னதுதான். வெயில்தான். எறும்பாகக்கூட இருக்கலாம். ஆனால் ராத்திரியெல்லாம் நான் படுத்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான், உள்ளே யாராவது இருக்கிறீர்களா? காலையில் மாத்திரையைக் கையில் எடுத்தபோது அது காலியான வீட்டின் சாவி மாதிரி இருந்தது. இப்போது என்ன மணி? ஹால் கடிகாரம் என் தலைக்குப் பின்னால் இருக்கிறது, திரும்ப முடியாது. ஜன்னல் வெயில் சோபாவின் கால்வரை வந்துவிட்டது. மூன்று தாண்டியிருக்கும். ஸ்கூலில் ப்ளஸ் ஒன் லேபில் சிஸ்டர் எமரென்ஷியா தயிரை ஒரு துளி கண்ணாடியில் தடவி, நீலமாகச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார்கள். மணி மணியாகக் கோத்த மாதிரி இருந்தது. "சிஸ்டர், ஜபமாலை மாதிரி இருக்கு" என்றேன். சிஸ்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வகுப்பில் எல்லாரையும் வரிசையாகக் கூப்பிட்டுக் காட்டினார்கள். நான் கோயிலுக்குப் போகிற வீட்டுப் பெண், ஆனாலும் பரீட்சை ஹாலில் எல்லாரோடும் சேர்ந்து சிலுவை போட்டுக்கொள்வேன், எதற்கும் இருக்கட்டும் என்று. இப்போதும் அந்தக் கை எழுந்தது, ஆனால் வலது கை தாருவின் முதுகைத் தட்டிக்கொண்டிருக்கிறது, அதை எடுக்கக் கூடாது. எல்லாக் கிருமியும் பாலை உறைய வைக்குமா? அதை நான் யோசிக்கவில்லை. பாலைத் தொடாத நல்ல கிருமிகளும் இருக்கும். அப்படியானால் உறையாவிட்டாலும் மாவு என்று அர்த்தம் இல்லை. உறைந்தால்? கிண்ணத்தில் பழைய தயிர் ஒட்டியிருந்திருக்கலாம். இல்லை, வெந்நீரில் கொதிக்க வைத்தேனே, ஸ்பூனையும். தட்டை? தட்டைக் கொதிக்க வைக்கவில்லை. பால் சூடு சரியாக இருந்ததா? விரல் விட்டுப் பார்த்தேன். எந்தக் கை விரல்? வலது கைதானே? இடது கையாக இருந்தால் எனக்குச் சூடு தெரியாமல் போயிருக்கும், அவ்வளவு சூட்டில் உயிரோடு இருந்ததெல்லாம் வெந்து செத்திருக்கும். நினைவு வரவில்லை. பால் பாத்திரம் நினைவு இருக்கிறது, ஆடை ஒதுங்கினது நினைவு இருக்கிறது, விரல் மட்டும் யாருடையது என்று தெரியவில்லை. அதைவிட, இன்றைக்கு ஒரு நாள் என் வயிற்றுக்குள் மாத்திரை போகவில்லை. ஒரே ஒரு நாள் சோறு போடாவிட்டால் அந்தக் கூட்டம் வேறு வீடு பார்த்துப் போய்விடுமா? நிஜமாக இருந்தால் நான் அவர்களைப் பட்டினி போட்டு, பாலில் தூக்கிப் போட்டுப் பரீட்சை வைத்திருக்கிறேன்.

தாருவின் காது என் பக்கம் இருக்கிறது, சின்னக் காது, தோட்டைக் கழற்றிய இடத்தில் ஒரு புள்ளி. இவளை வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். பிள்ளை பிறக்கிற வழியில்தான் அம்மாவின் கிருமிகள் பிள்ளைமேல் ஏறுமாம், அதுதான் அதற்கு முதல் சீதனமாம், கீறி எடுத்தால் அது கிடைக்காதாம், போனில் ஒருநாள் படித்துத் தொலைத்தேன். பிறகு தாய்ப்பாலில் கொஞ்சம் போகுமாம். கொடுத்தேனே, ஒரு வருஷம் கொடுத்தேனே. ஆனால் என்ன கொடுத்தேன்? என்னிடமே குறைந்ததைத்தானே கொடுத்திருப்பேன். என்னிடம் இல்லாத நல்லது அவளிடமும் இல்லை, என் நாய்க்குப் பாடம் சொல்லாதவை அவள் நாய்க்கு மட்டும் சொல்லுமா? டாக்டரிடம் கேட்டேன், அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு வருவது அபூர்வம், அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க என்றார். அபூர்வம் என்றால் யாருக்கோ ஒருத்திக்கு வரும். எனக்கும் அபூர்வமாகத்தான் வந்தது. போன வாரம் தாரு கால் மரத்துப்போய், "அம்மா, என் கால்ல சோடா ஊத்திட்டாங்க" என்று அழுதாள். சம்மணம் போட்டு உட்கார்ந்து கார்ட்டூன் பார்த்தவளுக்குக் கால் மரக்காமல் என்ன செய்யும்? அத்தை சிரித்து அவள் காலைத் தேய்த்துவிட்டார். நான் பாத்ரூமுக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். அவள் என்னைத் தூக்கு என்று கையை நீட்டும்போதெல்லாம் இடது கையை நம்பாமல் இடுப்பை வளைத்து வலது பக்கமே வாங்குகிறேன், அவளும் பழகிவிட்டாள், ஓடி வரும்போதே சுற்றிக்கொண்டு என் வலது பக்கமாக வருகிறாள். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்கு அம்மா என்றால் வலது பக்கம் ஏறுகிற ஒன்று. பால் உறையட்டும். ஆண்டவரே, மாரியம்மா, யாராவது. ஒரு கிண்ணம் பால். உலகத்தில் எல்லா வீட்டிலும் உறைகிறது, யாரும் வேண்டிக்கொள்ளாமலே உறைகிறது.

உள் அறைக் கதவு கிறீச்சிட்டது. அத்தை எழுந்துவிட்டார். "ஸ்ஸ், அப்பா, என்னா புழுக்கம்." முட்டி சொடக்குகிற சத்தம், சுவரைப் பிடித்து நடக்கிற சத்தம், சமையலறை லைட். டீ போடப் போகிறார். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், நான்கு மணிக்கு அவருக்கு டீ வேண்டும், கிண்ணத்தை எங்கேயாவது ஒளித்து வைத்திருக்க வேண்டும். தாருவுக்கென்று வெயில் காலத்தில் மதியம் தனியாக ஒரு கிண்ணம் உறை ஊற்றுவது வழக்கம்தான், ராத்திரி ஊற்றியது மறுநாள் புளித்துவிட்டால் முகத்தைச் சுளிப்பாள். அந்த வழக்கத்துக்குள் மறைத்துவிடலாம் என்றுதான் அதே கிண்ணத்தை எடுத்தேன். அடுப்பு லைட்டர் இரண்டு தடவை சொடுக்கியது. பால் பாக்கெட் வெட்டும் சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. பிறகு தட்டு. மேடையில் தட்டை எடுத்து வைக்கிற அந்தச் சின்ன 'ணங்'. "அட." தனக்குத்தானே பேசுவார், எப்போதும் உண்டு. "இது என்ன, தண்ணியாவே நிக்குது." கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்திருப்பார், எனக்கு இங்கிருந்தே தெரிகிறது, கட்டைவிரலால் விளிம்பைப் பிடித்து லேசாகச் சாய்ப்பார், உறைந்திருந்தால் அசையாது, உறையாவிட்டால் ஓடும். ஓடியிருக்கிறது. இந்த வெயிலில், இத்தனை நேரம் கழித்து. மாவு. இல்லை, பொறு, மாத்திரையில் இருப்பது கொஞ்சம்தான், தூங்கி எழுந்து பெருகுவதற்கு நேரம் ஆகும், ராத்திரிக்குள் உறையலாம், எட்டு மணிவரை பார்க்கலாம். ஃப்ரிட்ஜ் கதவு திறக்கிற சத்தம். தயிர்க் குண்டானை எடுக்கிறார். என்ன செய்யப் போகிறார் என்று எனக்குத் தெரியும். பால் உறையாமல் நின்றால் இந்த வீட்டில் வேறு என்ன செய்வார்கள், ஒரு ஸ்பூன் தயிரை எடுத்து விடுவார்கள். அத்தை, ஊத்தாதீங்க. நாக்கில் வந்துவிட்டது. நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது, அதில் ஒரு மரப்பும் இல்லை. சொன்னால் கையை நிறுத்துவார். ஏன் என்று கேட்பார், ஏதாவது ஒரு பொய் சொல்லிக்கொள்ளலாம், கிண்ணம் அப்படியே இருக்கும், எட்டு மணிக்கு, பத்து மணிக்கு, நாளைக் காலையில் நான் போய்ச் சாய்த்துப் பார்ப்பேன், எனக்குத் தெரிந்துவிடும். இரட்டைச் சடை போட்ட அந்தக் காலைப்பொழுதை யார் கொடுத்தது என்று தெரிந்துவிடும். வாயைத் திறந்தேன். தாருவின் மூச்சு என் விலாவில் பட்டுப் பட்டுப் போனது. ஸ்பூன் கிண்ணத்தில் இடித்தது. கலக்குகிறார். இன்னும் சொல்லலாம், இல்லை, இனிமேல் சொல்லி ஒன்றும் இல்லை. குண்டான் தயிரில் இருக்கிற அத்தனை கோடியும் உள்ளே இறங்கிவிட்டது. இனி அந்தப் பால் உறையும். நான் வாயை மூடிக்கொண்டேன். வேண்டும் என்றேதான் மூடிக்கொண்டேன், அதை எனக்கு நானே மறைக்க முடியாது.

டீ கிளாஸோடு ஹாலுக்கு வந்தார். "தூங்கலையா நீ?" இல்லை அத்தை என்றேன். "பாப்பாவுக்கு வச்ச பால்ல உறை ஊத்தவே மறந்துட்டே போல. நான் ஊத்திட்டேன்." ஆமாம் அத்தை, மறந்துட்டேன். அடுத்தது என்ன வரும் என்று எனக்குத் தெரியும், காத்திருந்தேன், போனைப் பார்த்துக்கிட்டே வேலை செஞ்சா அப்படித்தான், கான்வென்ட்ல இதையெல்லாம் எங்க சொல்லிக்குடுத்தாங்க, இப்படி ஏதாவது. வரவில்லை. அத்தை சுவரில் சாய்ந்து மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். டீயைக் குடிக்காமல் தரையில் வைத்தார். "சுகி." ம்? "மறக்கறதும் அதுலதானா?" எதில் அத்தை? "அதான். உன் நோவுல." இந்த வீட்டில் அத்தை வாயால் அதைக் கேட்பது இதுதான் முதல் தடவை. வைட்டமின் இல்லை, அசதி இல்லை, நோவு. "டிவியில ஒரு டாக்டரு சொன்னாரு. நரம்புல வர்றது மூளைக்கும் போகும், மறதி வரும்னாரு. பேரு உன்னோடது மாதிரியேதான் இருந்துச்சு. முரளிகிட்டக் கேக்கலாம்னு பார்த்தேன், அவன் பயந்துக்குவான்னு விட்டுட்டேன்." எப்போதிலிருந்து இதை வைத்துக்கொண்டு படுத்து எழுந்திருக்கிறாரோ. தாருவின் பாதத்தைப் பிடித்து ஒவ்வொரு விரலாக நீவிக்கொண்டிருந்தார். ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். மறக்கவில்லை அத்தை, மாத்திரையைப் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். அவர் திட்டுவார், தலையில் அடித்துக்கொள்வார், அந்தப் பயம் போய்விடும். ஆனால் அடுத்த கேள்வி வரும், போட்டாயே, உறைஞ்சுதா? அத்தைதானே பார்த்தார். தண்ணியாவே நின்னுதே என்று அவரே சொல்லுவார், என் முகத்தைப் பார்த்துச் சொல்லுவார், அப்புறம் அதைச் சொல்லாததாக ஆக்க முடியாது. "இல்ல அத்தை, சும்மாதான் மறந்துட்டேன். வெயிலு." அத்தை தலையாட்டினார். "வெயிலுதான். ஆமா, வெயிலுதான்." சீக்காளி சொல்வதற்கெல்லாம் ஆட்டுகிற தலை அது, எனக்குத் தெரியும், ஆஸ்பத்திரியில் நானே எத்தனை பேருக்கு ஆட்டியிருக்கிறேன். பிறகு எழுந்தார், முட்டி சொடக்கியது. "இனிமே தயிரு வேலையை நான் பாத்துக்கறேன். நீ அதை மண்டையில ஏத்திக்காதே." தாரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, பாட்டியைப் பார்த்து, யார் மடிக்கு வருவது என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

ராத்திரி தாரு அந்தத் தயிரில்தான் சாப்பிட்டாள். நன்றாகக் கெட்டியாக உறைந்திருந்தது. முரளி, "மாங்கா ஊறுகா வைக்கவா?" என்று கேட்க, வேண்டாம், இனிக்குது என்றாள். என் மாத்திரையும் அதில் இருந்தது, நிஜமோ மாவோ, பருக்கை பருக்கையாக அவள் வாய்க்குள் போனது, நான்தான் ஊட்டினேன். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இந்த வீட்டில் என் கையிலிருந்து வேலைகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. கொதிக்கிற எண்ணெய்ப் பக்கம் போகாதே என்று சமையல் போனது. சுட்டுக்கும், தெரியாது என்று இஸ்திரிப்பெட்டி போனது. அரிவாள்மனை போனது, மொட்டைமாடியில் துணி காயப்போடுவது போனது. எல்லாமே பாசத்தில்தான் போனது, யாரிடம் சண்டைக்குப் போவது? எல்லாம் போய், ராத்திரி பாலை ஆற்றி, சூடு பார்த்து, ஒரு ஸ்பூன் தயிர் விட்டு மூடி வைப்பது மட்டும் என்னிடம் இருந்தது. அதற்குப் பலம் வேண்டாம், யாரும் அதை ஒரு வேலையாகக்கூட நினைக்கவில்லை, அதனால் மிஞ்சியிருந்தது. மதியம் அத்தை சொன்னது ஒரு பேச்சுக்குத்தான் என்று நினைத்தேன், மறந்துவிட்டிருப்பார் என்றுகூட நினைத்தேன். தாருவைத் தூங்கவைத்துவிட்டு வழக்கம்போலச் சமையலறைக்குப் போனேன். மேடை துடைத்திருந்தது. பால் உறை ஊற்றி, மூடி, அதன்மேல் பூனைக்காகப் பாரம் வைத்து, எல்லாம் ஆகியிருந்தது. "ஆச்சு, நீ போய்ப் படும்மா" என்றார் அத்தை, ரொம்ப மெதுவாக, குழந்தையிடம் பேசுகிற மாதிரி. ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தேன். ஸ்பூனைக்கூடக் கழுவிக் கவிழ்த்திருந்தார்.